லாக் டேபிளைத் தேதி வாரியாகப் பிரிப்பது பற்றி மன்னார்குடித் தம்பிக்கு

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பம்புசெட் மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போட்டு அணைக்கிற சிம் கார்டு ஸ்டார்ட்டர் விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். மொத்தம் 1,200 கருவிகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு வரி அனுப்புகிறது: வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா. எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரே லாக் டேபிளில், அதாவது பதிவு அட்டவணையில், விழுந்து விழுந்து இப்போது 40 கோடி வரி ஆகிவிட்டது. 90 நாளுக்கு முந்தையதை அழிக்க ராத்திரி 11 மணிக்கு ஒரு டெலீட் ஓட விடுகிறார், விடிந்தும் முடிவதில்லை. காலையில் ஆட்கள் மோட்டார் போடுகிற நேரத்தில் ஆப் திணறுகிறது, இவ்வளவு அழித்தும் டிஸ்க்கில் ஒரு ஜிபி கூடக் குறையவில்லை. "அண்ணே, தேதி வாரியா பார்ட்டிஷன் பண்ணா வேகமாயிடுமா?" என்பது கேள்வி.

வேகத்துக்காகப் பிரிக்காதீர்கள் தம்பி. தூக்கிப் போடுவதற்காகப் பிரியுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி முடிவுகளில் பாதி தானாக வந்துவிடும்.

எங்கள் பாட்டி வீட்டில் மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. நெல்லை மேலே கொட்டுவார்கள், வேண்டும்போது கீழே இருக்கும் சின்ன வாயைத் திறந்து எடுப்பார்கள், பழைய நெல்தான் முதலில் வரும். லாக் என்பதும் அப்படி மேலே கொட்டிக் கீழே கழிக்கிற சரக்குதான். யாரும் நடுவில் கைவிட்டுத் திருத்துவதில்லை. ஆனால் நீங்கள் இப்போது செய்வது, பத்தாயத்தைத் திறந்து உள்ளே இறங்கி ஒவ்வொரு நெல்மணியாக எடுத்துப் பார்த்து "இது போன வருஷத்து நெல்" என்று மையால் புள்ளி வைத்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வருவது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, போஸ்ட்கிரெஸில் டெலீட் உண்மையாகவே அதைத்தான் செய்கிறது. வரி அழிவதில்லை, செத்தது என்று குறி மட்டும் விழுகிறது. அப்புறம் வேக்கூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று குறித்து வைக்கும். கோப்பின் வால் பக்கம் முழுசாகக் காலியாக இருந்தால் மட்டுமே அதை வெட்டி இடத்தை டிஸ்க்குக்குத் திருப்பித் தரும். லாக் டேபிளில் பழையது தலைப்பக்கம் கிடக்கும், புதியது வால் பக்கம் சேரும். தலையை அழித்தால் வால் எப்படிச் சுருங்கும்? டிஸ்க் குறையாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

தானாக ஓடும் வேக்கூமும் டீஃபால்ட் அமைப்பில், டேபிளின் 20 சதவீதம் வரி செத்தால்தான் எழுந்திருக்கும். உங்கள் 40 கோடிக்கு அது 8 கோடி செத்த வரி. எழுந்து ஓடும்போது டேபிளோடு அதன் இண்டெக்ஸ்களையும் (வரியைச் சட்டென்று தேட உதவும் பட்டியல்கள்) சுத்தம் செய்ய வேண்டும், அந்த நேரம் பெரும்பாலும் உங்கள் காலை ஆறு மணியில் வந்து விழும். வேக்கூம் ஃபுல் ஓட்டினால் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், கிடைக்கும்தான், ஆனால் அது டேபிளை முழுதாகப் பூட்டிவிட்டுப் புதிதாக இன்னொரு பிரதி எழுதும், அது முடியும் வரை இரண்டுக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும். உங்களிடம் இல்லாததே அந்த இடம்தானே.

பார்ட்டிஷன் என்றால், வெளியிலிருந்து பார்க்க ஒரே டேபிள், உள்ளே ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனி டேபிள், தனித்தனி கோப்பு, தனித்தனி இண்டெக்ஸ். பழைய வாரம் வேண்டாம் என்றால் அந்தக் குட்டி டேபிளை அப்படியே டிராப் செய்யலாம், அதாவது மொத்தமாகத் தூக்கிப் போடலாம். ராத்திரி முழுக்க ஓடிய வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், செத்த வரி கிடையாது, வேக்கூமுக்கு வேலை இல்லை, டிஸ்க்கில் இடம் உடனே திரும்பி வரும். போஸ்ட்கிரெஸ் 10, அதாவது 2017-லிருந்து இது நேரடி வசதியாக இருக்கிறது. அதற்கு முன் இன்ஹெரிட்டன்ஸ், டிரிகர் என்று கையால் கட்ட வேண்டும். இணையத்தில் இன்னும் அந்தப் பழைய முறையைச் சொல்லும் கட்டுரைகள் கிடக்கின்றன, அவற்றைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

அப்போது வேகமே கூடாதா என்றால், கொஞ்சம் கூடும், ஒரு நிபந்தனையோடு. குவெரியில், அதாவது டேபிளிடம் கேட்கும் கேள்வியில், நேரத்தின் எல்லை இருந்தால் தேவையில்லாத பார்ட்டிஷன்களை அது தொடவே தொடாது. ஆனால் அந்த எல்லையை எழுதும் விதம் இருக்கிறது. டேபிளில் நேரம் பதிவாகும் செங்குத்து வரிசையை, அதாவது நேரப் பத்தியை, டேட் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டு "இந்தத் தேதிக்குச் சமம்" என்று எழுதினால் வடிகட்டல் நடக்காது, எல்லாப் பார்ட்டிஷனையும் தட்டும். பத்தியை அப்படியே விட்டு "இந்த நேரத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ, அந்த நேரத்துக்குக் குறைவாக" என்று இரண்டு பக்கமும் வேலி போடுங்கள். நேர எல்லையே இல்லாமல் "இந்தக் கருவியின் எல்லாப் பதிவும்" என்று கேட்டால் பிரிக்காமல் இருந்ததைவிட மெதுவாகவே வரும், ஏனென்றால் ஒரு இண்டெக்ஸில் தேடிய இடத்தில் பார்ட்டிஷனுக்கு ஒன்றாகப் பல இண்டெக்ஸ்களில் தேட வேண்டும். உங்கள் ஆப்பில் அப்படி எழுதிய குவெரிகளை இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் இருக்கும்.

நாளா, வாரமா, மாதமா? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1,200 கருவி, ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், ஆக 17,28,000 வரி. ஒரு வரிக்கு இண்டெக்ஸோடு சேர்த்து 150 பைட் என்று வைத்தால் நாளைக்குச் சுமார் 260 எம்பி. மாதமாகப் பிரித்தால் 5 கோடி வரி, 8 ஜிபிக்குப் பக்கம், அதோடு 90 நாள் வைக்க நாலு மாதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டி வரும். நாளாகப் பிரித்தால் 90 குட்டிகள், அதுவும் தாங்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாரம்தான்: ஒன்று 1.2 கோடி வரி, 1.8 ஜிபி அளவு, கையில் 14 இருந்தால் போதும், நேர எல்லை மறந்துபோன குவெரி வந்தாலும் 14-ஐத்தான் தட்டும். மணிக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில் வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், குவெரியை ஓட்டுவதைவிடத் திட்டம் போடவே அதிக நேரம் பிடிக்கும். கருவிக்கு ஒரு டேபிள் என்று யோசித்திருந்தால் அதையும் இன்றோடு மறந்துவிடுங்கள், நீங்கள் கழிப்பது நாள் பார்த்துத்தான், கருவி பார்த்து இல்லை.

எந்த நேரத்தை வைத்துப் பிரிப்பது என்பது இதைவிடப் பெரிய கேள்வி, யாரும் கேட்பதில்லை. கருவி சொல்லும் நேரம் ஒன்று, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. சேர்ந்த நேரத்தை வைத்தே பிரியுங்கள். கருவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்தால் அதன் கடிகாரம் 1970-க்கோ 2000-க்கோ போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தத் தேதிக்கு எங்கே பார்ட்டிஷன் வைப்பீர்கள்? நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் கரண்ட் வரவே வாரக்கணக்கானது. அப்படி ஒன்று மறுபடி வந்தால் டவர் உயிர் பெற்ற நாளில் எல்லாக் கருவியும் சேர்த்து வைத்த பழைய பதிவை ஒரே மூச்சில் கொட்டும். கருவி நேரத்தில் பிரித்திருந்தால் நீங்கள் ஏற்கனவே டிராப் செய்த வாரத்துக்கு வரிகள் வந்து கதவைத் தட்டும். கருவி நேரம் தனிப் பத்தியாக இருக்கட்டும், அறிக்கைகளில் அதைக் காட்டுங்கள், குவெரியில் மட்டும் சேர்ந்த நேரத்துக்கும் தாராளமாக ஒரு எல்லை கொடுங்கள்.

இப்போது என் கதை. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், மாதவாரியாகப் பிரித்து வைத்திருந்தோம். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டையும் ஒரே நாளில் கையால் உருவாக்கிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். யாரும் பார்க்கவில்லை. புத்தாண்டு ராத்திரி 12 மணிக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் வாழ்த்து அனுப்பிவிட்டுத் தூங்கினோம். சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடியது, அதற்குப் புத்தாண்டு நம்முடைய காலை 5.30-க்குத்தான் பிறந்தது. கும்பகோணத்தில் மார்கழி மாதம், கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கிறது, போன் அடிக்கிறது, "அண்ணே, டாஷ்போர்டுல கோடு படுத்துக்கிச்சு." வரியைப் போட பார்ட்டிஷன் இல்லை என்று ஒவ்வொரு இன்சர்ட்டும், அதாவது வரி சேர்ப்பும், திரும்பியிருக்கிறது. இதில் சிரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இன்சர்ட் தவறினால் அந்தப் பிழையை லாக் செய்ய வேண்டும் என்று நிரலில் எழுதியிருந்தோம், அந்தப் பிழையும் அதே டேபிளுக்குத்தான் போகும்.

அவசரத்தில் என் லேப்டாப்பிலிருந்து ஜனவரி பார்ட்டிஷனை உருவாக்கப் போனேன், "டிசம்பரோடு மோதுகிறது" என்று திட்டியது. என் இணைப்பின் டைம்சோன் இந்திய நேரத்தில் இருந்தது, ஜனவரி 1 என்று வெறும் தேதி எழுதியதும் அது யூடிசியில் டிசம்பர் 31 மாலை 6.30 ஆகிவிட்டது. சரி என்று தொடக்கத்தில் மட்டும் யூடிசி என்று குறித்துவிட்டு முடிவுத் தேதியை அப்படியே விட்டேன். உருவாகிவிட்டது, எல்லோருக்கும் நிம்மதி. பிப்ரவரியை மட்டும் சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் யூடிசி கணக்கில் ஒழுங்காக உருவாக்கியது. விளைவு என்னவென்றால், என் ஜனவரி யூடிசி ஜனவரி 31 மாலை 6.30-க்கு முடிகிறது, அதன் பிப்ரவரி நள்ளிரவுக்குத்தான் ஆரம்பிக்கிறது, நடுவில் ஐந்தரை மணி நேரத்துக்கு ஆள் இல்லை. பிப்ரவரி 1, நம் நள்ளிரவு 12 மணிக்கு மறுபடி அதே போன்.

ஆகவே எல்லை எழுதும்போது வெறும் தேதி எழுதாதீர்கள், கூடவே +05:30 அல்லது +00 என்று ஒட்டி எழுதுங்கள். உங்கள் கருவிகள் எல்லாம் டெல்டாவுக்குள்ளேதான் இருக்கின்றன, விவசாயிக்கு நாள் என்றால் நம் நாள்தான், அதனால் இந்திய நேரத்தையே வைத்துக்கொள்ளலாம். தொடக்க எல்லை உள்ளே சேரும், முடிவு எல்லை சேராது என்பதையும் மனதில் வையுங்கள், ஒரு வாரத்தின் முடிவும் அடுத்த வாரத்தின் தொடக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 11.59 என்றெல்லாம் எழுதக் கூடாது.

அடுத்த பார்ட்டிஷன்களை உருவாக்கும் வேலையைத் தினமும் தானாக ஓட விடுங்கள். பிஜி பார்ட்மேன் என்ற எக்ஸ்டென்ஷன் இதற்கென்றே இருக்கிறது, அல்லது பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். எப்போதும் நாலு வாரம் முன்னால் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், "இன்னும் இரண்டு வாரத்துக்குக் குறைவாகத்தான் இருக்கிறது" என்றால் உங்கள் போனுக்குச் செய்தி வர வேண்டும். அந்தச் செய்தி தயவுசெய்து அதே டேபிள் வழியாக வர வேண்டாம்.

டீஃபால்ட் பார்ட்டிஷன் ஒன்று வைத்தால் இந்தத் தலைவலி இல்லையே என்று கேட்பீர்கள். பதிப்பு 11-லிருந்து இருக்கிறது, வரி தவறாது என்பதும் உண்மை. ஆனால் எதற்கும் சேராத வரிகள் அதில் சத்தமில்லாமல் சேரும், பிறகு அந்த வாரத்துக்கான பார்ட்டிஷனை உருவாக்கப் போனால் "டீஃபால்ட்டில் ஏற்கனவே அந்த வரிகள் இருக்கின்றன" என்று மறுத்துவிடும். வரிகள் இல்லாவிட்டாலும், இல்லை என்று உறுதி செய்ய டீஃபால்ட்டைப் பூட்டிக்கொண்டு முழுக்கப் படித்துப் பார்க்கும். அது மட்டும் இல்லை, பழைய பார்ட்டிஷனைத் தாய் டேபிளிலிருந்து (வெளியில் தெரியும் அந்த ஒரே டேபிள்) கழற்றும்போது கன்கரன்ட்லி என்று சொல்லி, மற்ற வேலைகளைத் தடுக்காமல் கழற்றும் வசதியும் டீஃபால்ட் இருந்தால் கிடையாது. நான் வைப்பதில்லை, உரக்கக் கத்தி விழுவது எனக்குப் பரவாயில்லை.

கழற்றுவதைப் பற்றி. நேரே டிராப் செய்தால் தாய் டேபிளுக்கும் சேர்த்து முழுப் பூட்டு கேட்கும். அந்த நேரத்தில் யாராவது அரை மணி நேர அறிக்கை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால் டிராப் காத்திருக்கும், டிராப்புக்குப் பின்னால் வரும் எல்லா இன்சர்ட்டும் அதற்குப் பின்னால் காத்திருக்கும். கொள்முதல் நிலைய வாசலில் ஒரு டிராக்டர் குறுக்கே நின்றுவிட்டால் சாலை வரை வண்டி நிற்குமே, அதே கதை. பதிப்பு 14 (2021) முதல் டிடாச் கன்கரன்ட்லி இருக்கிறது, அதனால் கழற்றிவிட்டுப் பிறகு நிதானமாக டிராப் செய்யலாம். அதை டிரான்சாக்‌ஷனுக்குள் (பல கட்டளைகளை ஒரே மூட்டையாக ஓட்டும் முறை) வைத்து ஓட்ட முடியாது, அது மட்டும் நினைவிருக்கட்டும். பழைய பதிப்பில் இருந்தால் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தை (லாக் டைம்அவுட்) இரண்டு மூன்று விநாடிக்கு வைத்து, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும்படி எழுதுங்கள்.

இருக்கிற 40 கோடியை என்ன செய்வது? நகர்த்தாதீர்கள். பழைய டேபிளையே புது அமைப்பின் முதல் பெரிய பார்ட்டிஷனாக மாட்டிவிடலாம். அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை நள்ளிரவு என்று ஒரு எல்லை வையுங்கள். பழைய டேபிளில் நேரப் பத்தி காலியாக இருக்கக் கூடாது, அந்த எல்லைக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் (மீற முடியாத விதி) போடுங்கள், போடும்போது நாட் வேலிட், அதாவது பழைய வரிகளை இப்போது சோதிக்காதே, என்று போட்டால் உடனே முடியும். பிறகு தனியாக வேலிடேட் செய்யுங்கள், அது முழு டேபிளையும் படிக்கும், ஆனால் எழுதுகிறவர்களைத் தடுக்காது. இதைச் செய்திருந்தால் மாட்டும்போது போஸ்ட்கிரெஸ் மறுபடி 40 கோடியைப் படிக்காது. காலியாக இருக்கக் கூடாது என்ற பகுதியை மறந்தால் படிக்கும், அதுவும் பூட்டைப் போட்டுக்கொண்டு. கருவி எண், நேரம் இரண்டும் சேர்ந்த இண்டெக்ஸ் பழைய டேபிளில் இல்லையென்றால் அதையும் முன்கூட்டியே கன்கரன்ட்லியாகக் கட்டி வையுங்கள். எல்லாம் தயாரானதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் பழையதன் பெயரை மாற்றி, அந்தப் பெயரில் பிரித்த தாயை உருவாக்கி, பழையதை மாட்டி, அடுத்த வாரங்களையும் மாட்டிவிட்டால் ஆப்புக்கு எதுவும் தெரியாது. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து 90 நாள் கழித்துப் பழைய மலை ஒரே டிராப்பில் போய்விடும். அதுவரை அந்த ராத்திரி டெலீட்டை நிறுத்திவிடுங்கள், டிஸ்க் பற்றாவிட்டால் மூன்று மாதத்துக்கு வாடகைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ப்ரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது, ஒரு முள். பிரித்த டேபிளில் ப்ரைமரி கீக்குள் பிரிக்கும் பத்தியும் இருந்தே ஆக வேண்டும், வெறும் ஐடி மட்டும் வைக்க முடியாது. பழைய டேபிளில் ஐடிக்கு ஏற்கனவே ஒரு ப்ரைமரி கீ இருப்பதால் தாயிலும் ஒன்று வைத்தால் மாட்டும்போது சண்டை வரும். என் கருத்து, லாக் டேபிளுக்கு ஐடியே தேவையில்லை, யாரும் லாக் வரியை எண் சொல்லிக் கேட்பதில்லை. தாயில் ப்ரைமரி கீ வைக்காமல் சாதாரண இண்டெக்ஸ் மட்டும் வையுங்கள். இன்னொன்று, தாய் டேபிளுக்கு அனலைஸ் (குவெரித் திட்டத்துக்கான புள்ளிவிவரச் சேகரிப்பு) தானாக ஓடாது, வாரம் ஒருமுறை நீங்களே ஓட்ட வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: யோசனை அதேதான், எல்லா யூனிக் கீயிலும் பிரிக்கும் பத்தி இருக்க வேண்டும், ஃபாரின் கீ (வேறு டேபிளோடு பிணைக்கும் விதி) வைக்க முடியாது, கடைசியில் மீதி எல்லாவற்றையும் பிடிக்கும் மேக்ஸ்வேல்யூ பார்ட்டிஷன் வைத்தால் அதற்குப் பின் புதிதாகச் சேர்க்க முடியாது, ரீஆர்கனைஸ் செய்துதான் பிளக்க வேண்டும்.

கடைசியாக நான் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. 90 நாள் என்று யார் முடிவு செய்தது? ஆடுதுறை 43 நெல் போட்டாலே ஏறத்தாழ 110 நாள். சம்பாவுக்கு சி.ஆர். 1009 போட்டவர் வயலில் 150 நாளைத் தாண்டும். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கிறவர் "நடவு நேரத்துல மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுச்சு?" என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. காயில் எரிந்துபோய், வோல்டேஜ் குறைவா மோட்டார் கோளாறா என்று கடைக்காரரோடு வாக்குவாதம் வரும்போதும் பழைய பதிவைத்தான் தேடுவார்கள். ஆகவே கழிக்கும் முன் ஒவ்வொரு கருவிக்கும் நாளுக்கு ஒரு வரி சுருக்கம் எடுத்து வேறு டேபிளில் வையுங்கள்: ஓடிய நிமிடம், குறைந்த வோல்டேஜ், அதிக ஆம்பியர், எத்தனை தடவை டிரிப் ஆனது. வருஷத்துக்கு 4,38,000 வரிதான், பத்து வருஷம் வைத்தாலும் அதற்குப் பார்ட்டிஷன் தேவைப்படாது. கழற்றிய வாரத்தை டிராப் செய்யும் முன் பிஜி டம்ப் என்ற நகலெடுக்கும் நிரலில் எடுத்துச் சுருக்கி மலிவான டிஸ்க் ஒன்றில் போட்டு வையுங்கள், அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்து ஒருமுறையாவது சோதித்த பிறகே டிராப் செய்யுங்கள்.

உங்கள் போஸ்ட்கிரெஸ் எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள். அதற்கு முந்தையவற்றில் பார்ட்டிஷனை மாட்டுவதற்கே தாய் டேபிளுக்கு முழுப் பூட்டு விழும், வாராவாரம் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.